மூன்று பூனைகளுக்கு மருந்து வைத்தும் தெள்ளுப்பூச்சி போகவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். போன வாரம் ஆறு வாரக் குட்டி ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் தெள்ளுப்பூச்சித் தொல்லை தொடங்கியது. மூன்று பூனைகளுக்குக் கழுத்தில் சொட்டு மருந்து வைத்தேன். பதினான்கு வயதுக் கிழப் பூனையிடம் ஒரு பூச்சிகூடத் தென்படாததால் அதை விட்டுவிட்டேன். இன்னொன்று மிகவும் கூச்ச சுபாவம், காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். அதைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு வாரம் வீடு நன்றாக இருந்தது. பிறகு முன்பைவிட அதிகமாகப் பூச்சிகள். சாம்பல் நிறப் பூனை வால் அருகே முடி கொட்டும் அளவுக்குச் சொறிகிறது. மருந்து போலியா? உறவினர் ஒருவர் தன் பெரிய நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தந்து, எல்லாப் பூனைகளுக்கும் பிரித்து வைக்கச் சொல்கிறார். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருக்கிறது. பூனைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த நாய் மருந்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம்.

பெர்மெத்ரின் நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு. அந்தப் பொருளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை நாயின் கல்லீரல் செய்துவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. அதனால் நஞ்சு உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. காது துடிக்கும், உடல் நடுங்கும், பிறகு வலிப்பு வரும். சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் தொடங்கலாம். பிரித்துக் கொஞ்சமாக வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் பாதியளவுக்குக்கூட இருக்கும். அதில் சில துளிகளே ஒரு பூனைக்குப் போதும். இப்படி நடுங்கிக்கொண்டு வந்த பூனைகளை என் மேசையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவர்கள் அவற்றின்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எப்போதாவது தவறுதலாகப் பட்டுவிட்டால், பூனை தெளிவாக இருக்கும்போதே வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் அந்த இடத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சுடுநீர் வேண்டாம். வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் கழுவுவதில் நேரத்தைக் கழிக்காமல் நேராகக் கிளம்புங்கள். உறவினரின் நாய்க்கு அந்த மருந்து வைத்திருக்கிறார்கள் என்றால், அது காயும்வரை அந்த நாயோடு உங்கள் பூனைகள் உரசிப் படுக்கவும் கூடாது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மருந்து போலி என்று நினைக்க உங்கள் கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆறு பேர் வாழும் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் அதை வைத்திருக்கிறீர்கள், அங்கேதான் பிழை.

பூனையின் முடிக்குள் ஓடும் பூச்சிகள் உங்கள் வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கு. நூறு இருந்தால் ஏறக்குறைய 5தான் வளர்ந்த பூச்சி. மீதி 95-ம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பூனைக்கு வெளியே கிடக்கின்றன. பெண் பூச்சி பூனையின் மேல் ஏறி ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40, 50 வரைகூட இடும். அந்த முட்டைகள் ஒட்டும் தன்மை இல்லாதவை, உப்புத்தூள் போல வழுக்கி உதிரும். பூனை எங்கெங்கே படுக்கிறதோ, எங்கிருந்து குதிக்கிறதோ, அங்கெல்லாம் சிந்தும்.

முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சும். தரைவிரிப்பின் அடிமடிப்புக்கும், சோபாவின் இடுக்குக்கும், கட்டிலடித் தூசுக்கும் நகர்ந்துபோகும். அதற்கு உணவு என்ன தெரியுமா? வளர்ந்த பூச்சிகள் குடித்துக் கழித்த காய்ந்த ரத்தம். அந்தக் கருந்துகளும் பூனையின் மேலிருந்து முட்டைகளோடு சேர்ந்தே உதிர்கின்றன. தாய் பிள்ளைக்குச் சோறு கட்டி அனுப்பியது போல. அதனால் பூனை அதிக நேரம் தூங்கும் இடம் எதுவோ, அதுவே தெள்ளுப்புழுவின் தொட்டிலாகிவிடுகிறது.

பிறகு புழு பட்டுபோல ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கூடு பிசுபிசுப்பானது. சுற்றியுள்ள தூசியும் நாரும் அதன்மேல் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் அடிக்கும் பூச்சிமருந்தும் அதன் உள்ளே போவதில்லை. சாதகமான காலத்தில் முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு மூன்று, நான்கு வாரம் போதும். ஆனால் கூட்டுக்குள் இருப்பது அவசரப்படாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது. ஒரு காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று பட்டால் நொடிகளில் வெளியே வந்து தாவும். பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் முதலில் நுழைபவரின் காலில் பூச்சிகள் மொய்ப்பது இதனால்தான்.

இரண்டு வாரம் நன்றாக இருந்து பிறகு பெருகியது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். மூன்று பூனைகளின் மேலிருந்த பூச்சிகள் செத்தன, அதுதான் நீங்கள் கண்ட அமைதி. அதற்கு முந்தைய வாரங்களில் சிந்திய முட்டைகள் கூடாகி, இப்போது ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. அது போதாதென்று கட்டிலடிப் பூனையும் கிழப் பூனையும் தினம் தினம் புது முட்டைகளைச் சிந்திக்கொண்டிருக்கின்றன. கூச்சக்காரப் பூனையின் மேல் பத்துப் பெண் பூச்சிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 400 முட்டை. மற்ற மூன்றுக்கும் நீங்கள் எவ்வளவு நல்ல மருந்து வைத்தாலும் அந்தக் கட்டிலடியில் வேலை நின்றிருக்காது.

கிழப் பூனையிடம் பூச்சி தென்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூனைகள் தங்களை நக்கிச் சுத்தம் செய்யும்போதே பூச்சிகளை விழுங்கிவிடுகின்றன. அதனால் பூச்சி தென்படாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: சொறிகிற பூனை வேறு, பூச்சி வளர்க்கிற பூனை வேறு. உங்கள் சாம்பல் பூனைக்குத் தெள்ளின் எச்சிலால் ஒவ்வாமை இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பூனைக்குச் சில கடிகளே போதும், வாலடியிலும் முதுகின் பின்பகுதியிலும் தோல் புண்ணாகும்வரை நக்கும், கடிக்கும். அப்படி ஓயாமல் நக்குவதாலேயே அதன் மேல் பூச்சி குறைவாக இருக்கும். ஒவ்வாமை இல்லாத பூனை பத்துப் பூச்சிகளைச் சுமந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கும். சொறிகிறவனுக்கு மட்டும் மருந்து என்ற வழக்கம்தான் பல பூனை வளர்ப்பவர்களை வருடக்கணக்கில் அலைக்கழிக்கிறது. சாம்பல் பூனையின் தோலை மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணில் தொற்று இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் தேவை.

சீப்பு ஒன்று வாங்குங்கள். பற்கள் மிக நெருக்கமாக உள்ள, தெள்ளுக்கென்றே செய்த சீப்பு. கழுத்தின் பின்புறம், தாடைக்கு அடி, வாலடி ஆகிய இடங்களில் தோலை ஒட்டி வாரி, வந்ததை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். கரும்புள்ளிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, ரத்தம் கலந்த தெள்ளின் கழிவு. ஆறு பூனைகளுக்கும் இதைச் செய்து பெயருக்கு எதிரே குறித்துவையுங்கள். சீப்பில் உயிரோடு வரும் பூச்சியைச் சோப்புநீர்க் கிண்ணத்தில் போடுங்கள். வெறும் நீரில் அது மிதந்து தப்பும்.

குட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 72 பெண் பூச்சிகள் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 1 மில்லிலிட்டர் ரத்தம் குடித்துவிடும். பெரிய பூனைக்கு அது ஒன்றுமில்லை. அரை கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். இன்றே அதன் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, குட்டி சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, அது ரத்தசோகையாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். ஈறு நன்றாக இருந்தாலும், பெரிய பூனைகளின் சொட்டு மருந்தைக் குட்டிக்கு வைக்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். நான்கு வாரம் தாண்டிய, குறைந்தபட்ச எடை வந்துவிட்ட குட்டிக்குக் கொடுக்கத்தக்க நைட்டன்பைராம் என்ற மாத்திரை இருக்கிறது. உடலில் உள்ள பூச்சிகளைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும், ஆனால் ஓரிரு நாளுக்கு மேல் அதன் காவல் நிற்காது. குட்டியை எடைபோட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை தினமும் சீப்பு.

பெரியவை ஐந்துக்கும் ஒரே நாளில் மருந்து வையுங்கள். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், செலாமெக்டின் போன்றவை மாதம் ஒருமுறை வைக்கும் சொட்டு மருந்துகள். பூனைகளுக்கென்று தயாரித்ததா என்று அட்டையில் பாருங்கள், எடைப் பிரிவையும் பாருங்கள். மெத்தோப்ரீன் சேர்ந்த மருந்து முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். உங்கள் நிலைமையில் அது கூடுதல் பலம். ஏற்கெனவே மருந்து வைத்த மூன்றுக்கும் மறுபடி எப்போது வைக்கலாம் என்று அந்த மருந்தின் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயனில்லை என்று பத்து நாளில் வேறொன்றை மேலே வைக்கக் கூடாது. கிழப் பூனைக்குச் சிறுநீரகமோ வேறு ஏதாவதோ கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தப் பூனைக்காவது வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில மருந்துகளை அப்போது தவிர்க்க வேண்டியிருக்கும்.

மருந்து வைக்கும் இடம் மண்டையோட்டின் அடியில், நாக்கு எட்டாத பிடரி. முடியை விலக்கித் தோல் தெரிய வேண்டும். முடியின் மேல் ஊற்றினால் பாதி வீண். பல பூனைகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்றின் பிடரியை மற்றொன்று அன்போடு நக்கும். மருந்து காயும்வரை அவற்றைத் தனித்தனி அறைகளில் வையுங்கள். நக்கிய பூனை நுரை தள்ளி உமிழ்ந்தால் பெரும்பாலும் அது கசப்பினால்தான். வாயைத் துடைத்து நீர் கொடுங்கள். ஓயாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள்.

கட்டிலடிக்காரியை என்ன செய்வது? துரத்திப் பிடிக்காதீர்கள். ஒருமுறை துரத்தினால் மூன்று மாதம் உங்களை நம்பாது. ஒரு சிறிய அறையில் சாப்பாட்டுத் தட்டும் மணல்தொட்டியும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வைத்து இரண்டு நாள் முன்னதாகவே அங்கே இருக்கவிடுங்கள். கட்டிலடியைவிடப் பெட்டியிலிருந்து எடுப்பது எளிது. சாப்பிடும்போது காலி மருந்துக்குப்பியால் பிடரியை மெல்லத் தொட்டுவிட்டு விலகுங்கள். நான்கைந்து நாள் இதுவே நடக்கட்டும். மருந்து வைக்கும் நாளில் அதே தொடுதல்தான், குப்பி மட்டும் நிறைந்திருக்கும். இதைப் போன்ற பூனைகளுக்கு நான் பெரும்பாலும் ஃபுளூராலனர் எழுதுகிறேன். ஒருமுறை வைத்தால் தெள்ளுக்கு எதிராகப் பன்னிரண்டு வாரம் நிற்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு முறை மிரட்டுவதைவிட நான்கைந்து முறை அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உங்கள் பூனைக்கு அது ஏற்றதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வார்.

வீட்டைச் சுத்தம் செய்வதில் எல்லா மூலையையும் ஒரே அளவாகத் தேய்த்துக் களைத்துப்போகாதீர்கள். பூனைகள் தூங்கும் இடங்களைப் பட்டியலிடுங்கள், உழைப்பெல்லாம் அங்கே போகட்டும். கட்டிலடிதான் முதல் இடம். அவை படுக்கும் துணிகளை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருட்டி எடுங்கள், உதறினால் முட்டைகள் வழியெல்லாம் சிந்தும். 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவையுங்கள். வாக்குவம் கிளீனர் முட்டைகளையும் புழுவின் உணவையும் உறிஞ்சும். கூடுகளில் பலவற்றை அதனால் பெயர்க்க முடியாது. ஆனாலும் அதன் அதிர்வில் கூட்டிலிருந்த பூச்சி வெளியே வரும், வந்து மருந்து வைத்த பூனையின் மேல் ஏறிச் சாகும். அதனால் கிளீனர் போட்ட அன்று பூச்சி அதிகமாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். உறிஞ்சிய தூசியை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் தெளிக்கும் மருந்து வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இவ்வளவு பெருகிய நிலையில் பூனைகள் படுக்கும் இடங்களுக்கு ஒருமுறை தெளிக்கலாம். மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பான் அதில் இருக்க வேண்டும், பூனைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்து காற்றோட்டமாகும்வரை எந்தப் பூனையும் உள்ளே வரக் கூடாது. மீன்தொட்டி இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள். அறை நடுவில் புகைபோலப் பரவும் குப்பிகளை நான் பரிந்துரைப்பதில்லை. புழு இருப்பது சோபாவுக்கு அடியில், மருந்து விழுவது சோபாவின் மேல்.

பூண்டு கொடுத்தால் போகும், தேயிலை மர எண்ணெய் தடவினால் போகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பூண்டு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தேயிலை மர எண்ணெய் நரம்பைத் தாக்கும். பினாயில் வகைக் கிருமிநாசினிகளும் பூனைக்கு நஞ்சு. தரையில் விட்டதைக் காலில் ஏற்றி நக்கி விழுங்கிவிடும். ஒலியெழுப்பி விரட்டும் கருவிகளால் பயன் இல்லை, பணம்தான் வீண்.

மூன்று மாதம் தவறாமல் ஆறுக்கும் மருந்து நடக்க வேண்டும். இந்த மூன்று மாதம் என்பது மருந்துக்கடையின் கணக்கு இல்லை, கூட்டுக்குள் காத்திருக்கும் கடைசிப் பூச்சியின் கணக்கு. மூன்றாவது, நான்காவது வாரத்தில் மறுபடி பூச்சி தென்படும். அப்போதுதான் பலர் மருந்தை மாற்றுகிறார்கள், அல்லது கைவிடுகிறார்கள். கைவிடாதீர்கள். மருந்து வைத்த பூனையின் மேல் ஏறுகிற ஒவ்வொரு பூச்சியும் முட்டையிடாமல் சாகிறது என்றால் அது தோல்வி இல்லை. அந்தக் கூட்டம் வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வரும்.

பூச்சிமருந்தோடு குடற்புழு மருந்தும் கேளுங்கள். தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். வாலடியிலோ படுக்கையிலோ காய்ந்த அரிசிபோல ஏதாவது கிடந்தால் அதுதான். பூச்சி இருக்கும்வரை புழுவும் திரும்பத் திரும்ப வரும்.

தொல்லை தீர்ந்த பிறகு மருந்தை நிறுத்திவிடலாமா என்றால், பல பூனைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஒன்று வெளியே போய் வந்தாலும் போதும், மறுபடி முதலிலிருந்து. எல்லோருக்கும் மாதத்தின் ஒரே தேதி, சுவரில் மாட்டிய நாட்காட்டியில் ஆறு பெயர்கள், வைத்ததும் ஒரு குறி. பன்னிரண்டு வார மருந்துக்காரிக்கு மட்டும் வேறு நிறம். புதிதாக எந்தப் பூனை வந்தாலும் வாசலிலேயே சீப்பு, அன்றே வயதுக்கேற்ற மருந்து, இரண்டு வாரம் தனி அறை. போன வாரம் வந்த குட்டிக்கு இதைச் செய்திருக்க வாய்ப்பில்லை, பரவாயில்லை. இன்று தொடங்குங்கள்.

எந்தப் பூனையையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் கூடுகள் உங்கள் வீட்டில்தான் இருக்கும். பசியோடு வெளிவரும் பூச்சிக்குப் பூனை கிடைக்காவிட்டால் உங்கள் கணுக்கால் கிடைக்கும். அந்தப் பூச்சிகள் ஏறிச் செத்துப்போக, மருந்து வைத்த உங்கள் பூனைகள்தான் இப்போது வேண்டும். வீட்டிலுள்ளவர்களுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் ஆறு பூனைகளின் சீப்புக் கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கட்டிலடிக்காரியின் கணக்கை முதல் வரியில் எழுதுங்கள்.